தோட்டத்தைப் பிரித்த பட்டியல்

ஒன்று இருந்தால் இங்கேயே இருக்கும். இரண்டு இருந்தால் ஒன்று போகும். இரண்டுக்கு மேல் இருந்தால் சரிபாதி. 1961ஆம் ஆண்டு செப்டம்பரில், பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் ஒன்றும் கோலாலம்பூரில் ஒன்றுமாக இரண்டாகப் பிரியவிருந்த வேளையில், அதன் தாவரத் தோட்டத்துக்கு வந்த உத்தரவின் சாரம் இவ்வளவுதான். பேராசிரியர் தம் நாட்டுக்குத் திரும்பிவிட்டார். அவருடைய இடத்துக்கு இன்னும் யாரும் வந்து சேரவில்லை. ஆகவே தோட்டத்தைப் பிரிக்கும் பொறுப்பு அதன் எழுத்தரான குலசிங்கத்தின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

குலசிங்கத்துக்கு அப்போது வயது ஐம்பத்து மூன்று. யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவரின் மகன். ரேஸ்கோர்ஸ் சாலையை ஒட்டிய சந்தில் மனைவி குணமணியோடு வசித்துவந்தார். தோட்டத்துத் தொழிலாளர்கள் அவரை, எழுத்தர் என்ற பொருளில், 'கிராணி ஐயா' என்பார்கள். சிராங்கூன் சாலையில் முடிவெட்டிக்கொள்ளப் போனாலும் கழுத்துப்பட்டியைக் கழற்றாதவர் என்று அவர்களுக்குள் ஒரு கேலியும் உண்டு.

தோட்டம் அவரைவிட மூத்தது. புக்கிட் தீமா சாலையிலிருந்து மேலேறும் சரிவில் பனை வரிசைகளும், பெரணிகளுக்கான நிழற்கூடமும், இஞ்சிக் குடும்பத்துக்கென்று தனிப் பாத்திகளும், குன்றின் உச்சியில் மலைநாட்டு மரங்களுமாக அது படிப்படியாக வளர்ந்திருந்தது. ஜப்பானியர் காலத்தில் அதன் மரப் பெயர்ப்பலகைகள் எல்லாம் அடுப்புக்கு விறகாகிப் போயின. போர் முடிந்து குலசிங்கம் வேலைக்குத் திரும்பியபோது செடிகள் நின்றன; எது எதுவென்று சொல்ல ஓர் எழுத்துக்கூட எஞ்சவில்லை. பழைய கடிதங்களையும், காகிதத்தில் ஒட்டிவைத்த உலர்ந்த இலைகளையும், ஓய்வுபெற்றுச் சென்ற துரைமார்களின் நாட்குறிப்புகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, மூன்றாண்டுகள் முயன்று, ஒவ்வொரு செடிக்கும் அதன் பெயரை அவர் திருப்பிக் கொடுத்தார். ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடையொன்றிலிருந்து துத்தநாகத் தகடுகள் வாங்கிவந்து, எண்களைத் தாமே அடித்தார். எண் இல்லாத செடி அவர் கண்ணுக்குக் களையாகவே தெரிந்தது. பதிவேட்டில் இல்லாத செய்தி நடக்காத செய்தி என்ற நம்பிக்கை அவருக்குள் எப்போது குடிபுகுந்தது என்று அவருக்கே தெரியாது. அந்த மூன்றாண்டுகளில் ஏதோ ஒரு நாளாக இருந்திருக்கலாம்.

அந்தப் பதிவேட்டில் 1140, 1141 என்ற இரண்டு எண்களுக்கு எதிரே மட்டும் பெயருக்குரிய கட்டம் காலியாக இருந்தது. மண்டாய்க்கு அப்பால் இருந்த ஒரு சதுப்புக் காட்டை 1954இல் வெட்டினார்கள். வெட்டுவதற்கு முந்திய வாரம், தோட்டத் தொழிலாளர்களின் தலைவரான மண்டோர் பரமசிவம் முழங்கால் சேற்றில் இறங்கி அங்கிருந்து இரண்டு கன்றுகளைப் பெயர்த்துக்கொண்டுவந்தார். மரத்தொட்டிகளில் நட்டு, சேற்றில் நிற்பதாகவே அவை நினைத்துக்கொள்ளட்டும் என்று ஒவ்வொரு தொட்டிக்கடியிலும் ஒரு தண்ணீர்த் தட்டு வைத்தார். ஆறு ஆண்டுகள் அவை இலைகளை மட்டுமே காட்டின. 1960இல் முதல்முறையாக 1141 பூத்தது. துறையின் இளம் விரிவுரையாளரான டாக்டர் யோகம் அந்தப் பூக்களை உருப்பெருக்கியில் பார்த்தாள். எல்லாமே ஆண் பூக்கள். இதைப் போன்ற ஒன்றை எந்த நூலிலும் அவள் கண்டதில்லை. மேற்படிப்புக்காக ஹாலந்துக்குப் புறப்பட்ட அவள், அங்குள்ள உலர்தாவரச் சேகரிப்புகளோடு ஒப்பிடுவதற்காக ஒரு கிளையைப் பதப்படுத்தி எடுத்துச் சென்றாள்.

"இந்த ரெண்டையும் கவனமாய்ப் பாருங்கோ, மிஸ்டர் குலசிங்கம். இது உலகத்துக்கே தெரியாத மரமாய் இருக்கலாம்."

"நீங்கள் யோசியாமல் போட்டு வாங்கோ, டொக்டர்," என்றார் அவர். அன்றே இரண்டு எண்களுக்கும் எதிரே 'கவனம்' என்று சிவப்பு மையில் எழுதினார்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் 1140உம் பூத்தது. அதை முதலில் கண்டவர் பரமசிவம். தனித்தனியாகப் பூத்த அந்தப் பூக்கள் பெரியவை. நடுவில் பசை கசியும் பச்சைக் குமிழ் ஒன்று இருந்தது. 1141இன் பூவிலோ வெறும் மஞ்சள் தூள். பரமசிவம் பள்ளிக்கூடம் பார்க்காதவர். ஆனால் முப்பதாண்டுகளாகச் செடிகளின் முகத்திலேயே விழித்தவர். இருபதடி தள்ளியிருந்த 1141இன் தொட்டியை உருட்டிக்கொண்டுவந்து 1140க்குப் பக்கத்தில் வைத்தார். காய்க்கப்போகும் செடிக்கு அடையாளமாக அதன் தண்டில் ஒரு மஞ்சள் நூலைக் கட்டினார்.

பத்தாம் நாள் குலசிங்கம் சுற்றிவந்தபோது அது கண்ணில் பட்டுவிட்டது.

"ஆர் உந்த நூலைக் கட்டினது?"

"நாந்தாங்க ஐயா. எனக்கு ஒரு அடையாளம். உங்க தகரத்தப் படிக்க நமக்கு எங்க தெரியும்?"

"அடையாளத்துக்கு மஞ்சள் நூலோ? நாளைக்குக் குங்குமம் வைப்பீர். நாளையிண்டைக்குக் கற்பூரம் கொளுத்துவீர். இது கோயில் இல்லை, பரமசிவம். பல்கலைக்கழகம்."

அவருடைய கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது. இரண்டு மாதங்களுக்கு முன்பு, தொழிலாளர் குடியிருப்புக்குப் பின்னால் பின்னி வளர்ந்திருந்த அரசுக்கும் வேம்புக்கும் ஆட்கள் திருமணம் செய்துவைத்தார்கள். கிராமபோனில் நாதசுரம், மரத்துக்குப் பட்டு, வந்தவர்களுக்கெல்லாம் கேசரி. விரிவுரை நடந்துகொண்டிருந்த மண்டபம்வரை மேளச் சத்தம் எட்டியது. யாரோ புகார் எழுத, அதற்கு விளக்கம் எழுதவேண்டிய தலைகுனிவு குலசிங்கத்துக்கு நேர்ந்தது. மஞ்சள் நூலைக் கண்டதும் அவர் மனம் நேராக அந்தக் கல்யாணத்துக்குப் போய்விட்டது. சட்டைப்பையிலிருந்த சிறு கத்தியால் நூலை அறுத்தார். தொட்டியை அதன் இடத்துக்கே கொண்டுபோகச் சொல்லி, கொண்டுபோகும்வரை நின்று பார்த்தார்.

பத்து நாட்கள் பக்கத்தில் இருந்ததற்கு மூன்று காய்கள் பிடித்திருந்தன. இரண்டு சுண்டைக்காய்ப் பருவத்தில் உதிர்ந்தன. ஒன்று நெல்லிக்காய் அளவுக்குத் திரண்டது. அதற்குத் துணிப்பை கட்டவேண்டும் என்று பரமசிவம் நினைத்திருந்த வாரத்தில் அதை அணில் கொண்டுபோய்விட்டது. அடுத்த சித்திரைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் தம்மைத் தேற்றிக்கொண்டார். கிராணியிடம் போய்ச் சொல்லவில்லை.

இந்த நிலையில்தான் பிரிவினை உத்தரவு வந்தது. குலசிங்கம் பத்தொன்பது நாட்களில் இருநூற்று எண்பத்தாறு வரிகள் கொண்ட பட்டியலைத் தயாரித்தார். ஓர் அடித்தல் இல்லை, ஒரு திருத்தம் இல்லை. பதிவாளர் அலுவலகத்திலிருந்து பாராட்டிக் கடிதம் வந்தது. அதைக் குணமணியிடம் காட்டி, சில நாள் சட்டைப்பையில் வைத்திருந்து, பிறகு மடித்து வேதாகமத்துக்குள் வைத்தார்.

செடிகளை ஏற்றும் நாளில் மழை தூறிக்கொண்டிருந்தது. தஞ்சோங் பகார் ரயில் நிலையத்துக்குப் போகவேண்டிய லாரியை ஒலி முகம்மது ஓட்டிவந்திருந்தார். குலசிங்கம் குடை பிடித்தபடி வரிவரியாக வாசிக்க, ஆட்கள் தொட்டிகளைத் தூக்கினார்கள். 1140, 1141 என்று வாசித்தபோது பரமசிவம் முன்னால் வந்து நின்றார்.

"ஐயா, இது ரெண்டையும் விட்டுருங்க. பிரிக்க வேணாம்."

"ஏன்?"

"அது ஆம்பள, இது பொம்பள. அது பக்கத்துல இல்லன்னா இது காய்க்காதுங்க."

ஒலி முகம்மது லாரிப் படியில் உட்கார்ந்தபடியே சிரித்தார். "ஏன் மண்டோரே, எம் பொஞ்சாதி ஊர்ல, நான் இங்க. ஆறு வருசமா லாரி ஓட்டலையா? செடிக்கு மட்டும் என்னாவாம்?"

"நீ காய்க்கலையே பாய்!" என்று ஒருவன் பின்னாலிருந்து சொல்ல, தூறலையும் மீறிச் சிரிப்பு பரவியது. குலசிங்கத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் ஆட்களோடு சேர்ந்து சிரித்த நாட்கள் மிகக் குறைவு.

பரமசிவம் சிரிக்கவில்லை. "போன சித்திரையில மூணு காய் புடிச்சுதுங்க ஐயா. இந்தக் கண்ணால பாத்தேன்."

"எங்கை அந்தக் காய்?"

"அணில் தின்னுருச்சுங்க."

மறுபடி சிரிப்பு. குலசிங்கம் பட்டியலை நனையாமல் மார்போடு அணைத்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: "பரமசிவம், புத்தகத்திலை ரெண்டும் ஒண்டுதான். ஒரே காடு, ஒரே நாள், ஒரே மரம். ரெண்டு இருந்தால் ஒண்டு போகும். உமக்காக ஒரு வரியை நான் மாத்தினால் அங்கையிருந்து கேள்வி வரும். அணில் சாட்சி சொல்லுமோ? சரி, எது போகட்டும் எண்டு நீரே சொல்லும். அதுக்கு நான் மறுப்பில்லை."

பரமசிவம் இரண்டு தொட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். எண்ணில் பெரியது போகட்டும் என்று குலசிங்கமே தீர்த்தார். 1141 லாரியில் ஏறியது. அதன் தண்ணீர்த் தட்டு அது நின்ற இடத்திலேயே கிடந்து, மழைநீரால் நிரம்பிக்கொண்டிருந்தது. தட்டு எந்தப் பட்டியலிலும் இல்லை.

மறு ஆண்டு ஏப்ரலில் 1140 தனியாகப் பூத்துக் கொட்டியது. ஆகஸ்டில் யோகம் திரும்பி வந்தாள். வந்த மறுநாளே, பயணக் களைப்புக்கூடத் தீராத முகத்தோடு தோட்டத்துக்கு ஓடிவந்தாள். அவள் எடுத்துச் சென்ற கிளையைப் போன்ற ஒன்று அங்கிருந்த எந்தச் சேகரிப்பிலும் இல்லையாம். புதிய இனம் மட்டுமன்று, புதிய பேரினமாகவே இருக்கலாமாம். ஆனால் எந்தக் குடும்பத்தில் வைப்பது என்பதை விதையைக் கொண்டுதான் தீர்மானிக்க முடியும். ஒரு முற்றிய பழம், ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும். மரத்துக்குப் பெயர் வைத்துவிடலாம், விதை போட்டுக் கன்றும் வளர்க்கலாம்.

"மற்றது பூத்ததோ, மண்டோர்?" என்று அவள் கேட்டாள்.

"பூத்துச்சுங்கம்மா. போன வருசம் காயே புடிச்சுது."

"காயோ! அப்ப அது பெண்! கடவுளே, ஒரு சோடி கிடைச்சிருக்கு எங்களுக்கு!" அவள் குலசிங்கத்தின் பக்கம் திரும்பினாள். முகம் முழுவதும் சிரிப்பு. "ஆண் மரம் எங்கை? உள்ளுக்கு வைச்சிருக்கிறியளோ?"

பரமசிவம் குனிந்து, கீழே கிடந்த இலைகளைப் பொறுக்கத் தொடங்கினார். கிராணியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் அவர் குனிந்தார் என்பது குலசிங்கத்துக்கு விளங்கியது. விளங்கியதுதான் அவரைச் சுட்டது.

"கோலாலம்பூருக்கு அனுப்பியாச்சு, டொக்டர்," என்றார் அவர். "பட்டியல்படி."

யோகத்தின் முகத்திலிருந்த சிரிப்பு உடனே அணையவில்லை. அணைய வேண்டும் என்பது அதற்குத் தெரியாததுபோல் கொஞ்ச நேரம் நின்றது.

அன்று மாலையே குலசிங்கம் கோலாலம்பூருக்குக் கடிதம் எழுதினார். பத்து நாளில் பதில் வந்தது: 'தங்கள் 1141 எங்கள் பதிவேட்டில் 388ஆம் எண்ணாக உள்ளது, நல்ல நிலையில் இருக்கிறது. எழுத்தர், பசுபதி.' அந்தக் கையெழுத்தின் ஒழுங்கைப் பார்த்ததும் குலசிங்கத்துக்கு மூச்சு வந்தது. மரத்தைத் திருப்பி அனுப்பும்படி முறைப்படி விண்ணப்பித்தார்கள். அதற்கு ஒரு குழு கூடவேண்டியிருந்தது. குழு டிசம்பரில் கூடி, பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைத்தது.

இதற்கிடையில் யோகமும் பரமசிவமும் மண்டாய்க்கு அப்பால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். காடு இருந்த இடத்தில் வாத்துப் பண்ணையும் கீரைப் பாத்திகளும் இருந்தன. சேறு மட்டும் பழைய சேறுதான் என்று பரமசிவம் சொன்னார். வேறு நான்கு சதுப்புகளிலும் தேடினார்கள். அட்டைக் கடியோடு திரும்பினார்கள்.

1963 பிப்ரவரியில், வழக்கத்துக்கு இரண்டு மாதம் முன்னதாகவே, 1140 மொட்டுவிட்டது. பத்து நாளில் விரியும், விரிந்தால் மூன்று நாள் நிற்கும் என்றார் பரமசிவம். அங்கே இருப்பதும் அதே காட்டு மரம். அதுவும் இப்போது மொட்டுவிட்டிருக்கக்கூடும். மரம் வராவிட்டால் என்ன, அதன் தூள் வந்தால் போதும் என்றாள் யோகம். குலசிங்கம் தாமே போவதாகச் சொன்னார். பணியில் சேர்ந்த நாளிலிருந்து அவர் கேட்டு வாங்கிய இரண்டாவது விடுப்பு அது. முதலாவது அவருடைய தாயாரின் அடக்கத்துக்கு.

ஈரத்தை உறிஞ்சும் நீல மணிகள் போட்ட இரண்டு கண்ணாடிக் குப்பிகளை யோகம் அவரிடம் கொடுத்து, தூளை எப்படித் தட்டி எடுக்கவேண்டும், எப்படி மூடவேண்டும் என்று இரண்டு முறை செய்துகாட்டினாள். காலை ரயிலில், குணமணி கட்டிக்கொடுத்த இடியப்பத்தைப் பிரிக்காமலே, குப்பிகள் இருந்த சட்டைப்பையை அடிக்கொரு முறை தொட்டுப் பார்த்தபடி அவர் போனார். வழியெல்லாம் ரப்பர் மரங்கள் வரிசை பிசகாமல் ஓடிவந்தன. மற்ற நாளாக இருந்தால் அந்த ஒழுங்கு அவருக்குப் பிடித்திருக்கும்.

மறுநாள் காலை பசுபதி அவரை வாசலுக்கே வந்து வரவேற்றார். மெலிந்த மனிதர், முழங்கைவரை மை படாமலிருக்கத் துணியுறை போட்டிருந்தார்.

"வாருங்கோ, வாருங்கோ. உங்கடை பட்டியலைத்தான் நான் இஞ்சை எல்லாருக்கும் காட்டுறனான். பட்டியல் எண்டால் அப்பிடி இருக்கவேணும். ஊரிலை எவடம்?"

"வட்டுக்கோட்டை. நான் போய்ப் பார்த்ததில்லை."

"நாங்கள் சுழிபுரம். அப்ப பக்கம்தானே!"

தேநீர் வந்தது. பசுபதி பதிவேட்டைத் திறந்து 388இல் விரலை வைத்தார். எண், வந்த நாள், வந்த இடம், நிலை: நன்று. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் சரிபார்த்த அடையாளமாக ஒரு சிறு கோடு. 1963க்கும் அந்தக் கோடு இருந்தது.

"ஒருக்கால் பார்க்கலாமோ?" என்றார் குலசிங்கம்.

"அதுக்கென்ன, வாருங்கோ."

தோட்டம் இன்னும் உருவாகிக்கொண்டிருந்தது. சிவந்த மண்ணும் புதிய வேலிகளுமாக இருந்தது. தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையின் ஓரத்தில் தொட்டிகள் வரிசையாக நின்றன. குலசிங்கம் தூரத்திலேயே தம் மரத்தொட்டியை அடையாளம் கண்டார். தாம் அடித்த தகடு, தாம் முறுக்கிய கம்பி. தொட்டியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி செழிப்பாக நின்றது. பக்கத்தில் போனதும் வாசனை வந்தது. அது கறிவேப்பிலை.

பசுபதி தகட்டையும் செடியையும் பார்த்தார். பிறகு அங்கே மண் கொத்திக்கொண்டிருந்த மலாய்த் தோட்டக்காரரை அழைத்துக் கேட்டார். அவர் நிமிர்ந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சூடா மாத்தி, துவான். லாமா சூடா." செத்துப்போய் வெகுநாள் ஆகிறது. வந்த மாதமே இலையெல்லாம் கொட்டிவிட்டதாம். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் நிற்காமல் ஓடிவிட்டதாம். நல்ல தொட்டி வீணாகக் கிடக்கிறதே என்று சமையலுக்கு ஆகும் செடியாக வைத்தாராம். அவருடைய குரலில் குற்றவுணர்வு எதுவும் இல்லை; இருக்கவேண்டிய காரணமும் இல்லை.

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே," என்றார் பசுபதி. அவர் முகம் வெளுத்திருந்தது. "செத்தது எண்டு ஒரு துண்டு எழுதித் தந்தால்தானே நான் புத்தகத்திலை வெட்டலாம்? துண்டு வராமல் நான் என்னண்டு வெட்டுறது? நீங்களே சொல்லுங்கோ."

இந்த மனிதர் பேசிக்கொண்டே போகட்டும், நிறுத்தினால் அடுத்து நாம்தான் பேசவேண்டியிருக்கும் என்று குலசிங்கத்துக்குத் தோன்றியது. பசுபதி கேட்ட கேள்வியில் அவரால் குறை காண முடியவில்லை. அவருடைய இடத்தில் தாம் இருந்திருந்தாலும் அந்தக் கோட்டைத்தான் போட்டிருப்போம். செடியைப் போய்ப் பார்த்திருக்க மாட்டோம். தொட்டியின் அடியில் கைவிட்டுப் பார்த்தார். சிமெண்டுத் தரை காய்ந்திருந்தது. தண்ணீர்த் தட்டைப் பற்றி ஒரு வரி. அந்த ஒரு வரியைப் பட்டியலில் எழுத இடம் இருந்தது. எழுதத் தெரிந்தவரும் இருந்தார். மரத்தைத் தெரிந்த பரமசிவத்திடம் கேட்கத்தான் ஆள் இல்லை.

கறிவேப்பிலைச் செடியை வேறு தொட்டிக்கு மாற்றட்டுமா என்று பசுபதி கேட்டார். வேண்டாம், அது பாட்டுக்கு நிற்கட்டும் என்று சொல்லிவிட்டு குலசிங்கம் புறப்பட்டார்.

சிங்கப்பூர் வந்துசேர்ந்த மறுநாள் காலை, 1140இன் முதல் பூ விரிந்திருந்தது. யோகம் சாமரம்போன்ற ஒரு மெல்லிய தூரிகையோடு பரமசிவத்தின் பக்கத்தில் காத்திருந்தாள். குலசிங்கம் இரண்டு குப்பிகளையும் வெளியே எடுத்து அவளிடம் நீட்டினார். மணிகள் நீலம் மாறாமல் அப்படியே இருந்தன. அவள் ஒரு குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"பூக்கேல்லையோ?"

"மரமே இல்லை, டொக்டர். போன மாதமே செத்திட்டுது. போன மாதமெண்டால்... இஞ்சையிருந்து போன அதே மாதம்." சொற்கள் அவருக்கு வரிசையாக வரவில்லை. "புத்தகத்திலை இருந்தது. புத்தகத்திலை மட்டும் இருந்தது."

அவள் கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குப்பிகளைக் கைப்பையில் வைத்து மூடினாள். திறந்து, ஏதோ மறந்தவள்போல் மறுபடியும் மூடினாள். "நான் போகேக்கை ரெண்டையும் கவனமாய்ப் பாருங்கோ எண்டு சொன்னனான்," என்றாள். "ரெண்டையும் எண்டால் என்னவெண்டு சொல்லிப்போட்டுப் போயிருக்கவேணும். எனக்கும் அப்ப வடிவாய்த் தெரியேல்லை." அவருக்கு ஆறுதலாக அதைச் சொன்னாளா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளா என்று தெரியவில்லை. பூத்திருந்த கிளை ஒன்றை வெட்டிக் காகிதங்களுக்கிடையில் வைத்து, பலகையால் அழுத்தி, எடுத்துக்கொண்டு போனாள். பழம் இல்லாமல் அந்தக் கிளைக்குப் பெயர் வராது என்பது மூவருக்கும் தெரியும்.

மூன்று நாட்கள் பூக்கள் நின்றன. வாசனையும் இருந்தது, அழுகலுக்கும் இனிப்புக்கும் நடுவிலான ஒரு வாசனை. சிறு ஈக்கள் வந்து, எதையும் கொண்டுவராமல் உட்கார்ந்துவிட்டுப் போயின. நான்காம் நாள் காலையில் பச்சைக் குமிழ்கள் கறுத்து, காம்போடு கழன்று விழத் தொடங்கின. குலசிங்கம் அலுவலகச் சன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அலமாரியைத் திறந்து, இருநூற்று எண்பத்தாறு வரிப் பட்டியலின் நகலை எடுத்துக்கொண்டு, கழுத்துப்பட்டியைத் தளர்த்தியபடி சரிவில் இறங்கினார்.

பரமசிவம் நிழற்கூடத்தில் பெரணிகளின் காய்ந்த மட்டைகளைக் கழித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கய்யா. செருப்பு வழுக்கும், பாத்து வாங்க."

"பரமசிவம், உம்மட்டை ஒண்டு கேக்கவேணும்."

"கேளுங்க."

குலசிங்கம் வரும் வழியில் அந்தக் கேள்வியைப் பலவாறு அமைத்துப் பார்த்திருந்தார். இப்போது அது வேறு மாதிரியாகத்தான் வந்தது. "அந்த ஒரு சோடி மட்டும்தானோ? நான் பிரிச்சதிலை... வேறையும் ஏதும் இருக்கோ?"

பரமசிவம் கத்தரியைக் கீழே வைத்தார். தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவி, தோளிலிருந்த துண்டில் நிதானமாகத் துடைத்தார்.

"இருக்குங்க."

"எத்தினை?"

"நாலு. அஞ்சாவதா ஒண்ணு இருக்கு, அது எனக்கே நிச்சயமில்ல. இன்னும் பூக்கல."

குலசிங்கம் பட்டியலின் பக்கங்களைப் புரட்டினார்.

"நாலோ! ஏன் காணும் அண்டைக்கே சொல்லேல்லை? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"ஒண்ணு சொன்னேனேய்யா," என்றார் பரமசிவம். குரலில் சூடு இல்லை. "லாரிக்காரன் சிரிச்சான், பயலுக சிரிச்சானுங்க, நீங்களும் சிரிச்சீங்க. அணில் சாட்சி சொல்லுமான்னு கேட்டீங்க. அப்புறம் மிச்சத்தையும் எதுக்குச் சொல்லணும்னு ஒரு வீம்பு. நானேதான் தூக்கி ஏத்துனேன். எங் கையாலதான் ஏத்துனேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கல. காலையில வந்து சொல்லிடலாம்னு நெனச்சேன். வந்தேன். நீங்க யாருக்கோ அந்தப் பாராட்டுக் கடுதாசியப் படிச்சுக் காட்டிக்கிட்டு இருந்தீங்க. திரும்பிப் போயிட்டேன்."

குலசிங்கத்துக்கு அந்தக் காலை நினைவில் இல்லை. வாசலில் யாரும் நின்றதாக அவர் பார்க்கவில்லை.

அவர் ஒரு கவிழ்த்த தொட்டியின் மேல் பட்டியலை விரித்து, பென்சிலை எடுத்தார். "எந்தெந்த எண்?"

"நம்பரு எனக்கெங்கய்யா தெரியும்? நின்ன எடத்தத்தான் காட்ட முடியும்."

பரமசிவம் முன்னால் நடந்தார். இஞ்சிப் பாத்தியைத் தாண்டி, பனை வரிசையின் முடிவில், ஒரு சதுர அளவுக்குப் புல் மட்டும் வேறு நிறமாக இருந்த இடத்தில் நின்று, "இங்க ஒண்ணு நின்னுச்சு" என்று காலால் காட்டினார். அதற்கு எதிரே, ஏழடி தள்ளி, அதன் துணை நின்றது. கிளை நுனியெல்லாம் புதிய மொட்டுகள். குலசிங்கம் குனிந்து தகட்டின் எண்ணைப் படித்து, பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து, அந்த வரியைக் கண்டுபிடித்தார். அதன் எதிரே என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு ஒரு வட்டம் மட்டும் போட்டார்.

"இதோட சோடி அங்க உசுரோட இருக்குமாங்க?" என்று பரமசிவம் கேட்டார்.

புத்தகத்தில் இருக்கும் என்று சொல்ல வாய் வந்தது. குலசிங்கம் தலையை மட்டும் அசைத்தார். அது ஆமாவா இல்லையா என்று பரமசிவமும் கேட்கவில்லை.

"அடுத்தது மேல இருக்குங்க ஐயா," என்றார் அவர், குன்றின் பக்கம் கையைக் காட்டி. "மேடு. மெதுவா வாங்க."